பிந்திவிட்ட நான்காவது படம்

அந்தப் பெண் வந்த செவ்வாய்க்கிழமை காலை, நான் எண்ணெய்த் தொட்டிக்குள் இடுப்புவரை கவிழ்ந்துகிடந்தேன். வெளியே என் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்திருக்கும். எங்கள் சோதனைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிய காட்சி. இருபத்தாறு வருடமாகத் தொட்டியோடு குடும்பம் நடத்துகிறேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போவதில்லை. அதனால் எனக்கு 'எண்ணெய்' என்றே பெயர் விழுந்துவிட்டது. என்னைவிடச் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் 'அண்ணே' சேர்த்துக்கொள்வார்கள்.

"எண்ணெயண்ணே, கொஞ்சம் வெளியே வாங்க. கேட்ல ஒரு அம்மா ரெண்டு மணி நேரமா நிக்குதாம். போகச் சொன்னாலும் போகலையாம்," என்றார் மேடம்.

மேடம்தான் கூடத்தின் பொறுப்பாளர். இயந்திரம் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் கையெழுத்து இருக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தேன். முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு வயதிருக்கும். தோளில் தொங்கிய துணிப்பையை ஒரு கையால் அணைத்துப் பிடித்திருந்தாள், பைக்குள் தூங்குகிற பிள்ளை இருப்பதுபோல.

"முகக்கவசத்துக்குச் சோதனை பண்ணி சான்றிதழ் குடுக்குற இடம் இதுதானா?" என்று கேட்டாள்.

"இதுதான். உட்காருங்க," என்றார் மேடம்.

எங்கள் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் இயந்திரமும் எக்ஸ்-ரே எடுக்கிறதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் மூச்சைப் பிடிக்கச் சொல்லி நிதானமாக எடுக்கிற சங்கதி இல்லை. ஒரு வெடி வெடிக்கும்போது தீயும் புகையும் மண்ணும் சேர்ந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். எவ்வளவு வேகமான கேமரா வைத்தாலும் ஒரு வெளிச்சப் பந்துதான் பதியும். எக்ஸ்-ரே அதை ஊடுருவிப் போய் உள்ளே நடப்பதைக் காட்டும். ஆனால் உள்ளே இருப்பவை துப்பாக்கிக் குண்டு மாதிரி ஓடுகின்றன. அதனால் கதிர் ஒரே அடியாக அடித்து அணைந்துவிட வேண்டும். ஒரு நொடியை மூன்று கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரே ஒரு துண்டு நேரம். அதற்குள் எது எங்கே இருந்ததோ அது அப்படியே உறைந்து படத்தில் நின்றுவிடும்.

அந்த அடிக்கு வேண்டிய பலம் என் தொட்டியிலிருந்து வருகிறது. எண்ணெயில் மூழ்கிய இருபது மின்தேக்கிகள். ஆளுக்கு முப்பதாயிரம் வோல்ட்டை வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். பொத்தானை அமுக்கியதும் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்றுவிடுவார்கள். மொத்த உயரம் ஆறு லட்சம் வோல்ட். ஒருவரை ஒருவர் ஏற்றிவிடுவது, இடையில் எதிரெதிராக வைத்த பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே பாயும் தீப்பொறி. அந்தக் குண்டுகள் வழவழப்பாக இருந்தால் சொன்ன நேரத்துக்குப் பாயும். தேய்ந்து குழி விழுந்திருந்தால் அதன் இஷ்டத்துக்கு முந்தும், பிந்தும். குண்டுகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்தப் பெண் பையைத் திறந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் போட்டுக்கொள்வது. நெற்றியிலிருந்து தாடைக்குக் கீழே வரைக்கும் இறங்கும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு எஃகுத் திருகால் தலைப்பட்டையோடு இணைந்திருக்கும். தகடு முழுவதும் மண் அரைத்துப் புகைபடிந்து போயிருந்தது. இடப் பக்கம் பிளந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரோடது. எட்டு மாசம் ஆச்சு," என்றாள்.

மேடம் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவங்க அண்ணன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலைக்குப் போவாங்க. அன்னைக்கு இவரு மண்டி போட்டு மண்ணைக் கிளறிட்டு இருந்தப்ப வெடிச்சிருக்கு. ஓடிப்போய்ப் பாத்தப்ப கவசம் மேல தூக்கியிருந்துதாம். வேர்க்குதுன்னு அப்பப்ப தூக்கிவிட்டுக்குவாரு, நானே பல தடவை திட்டியிருக்கேன்னு அவங்க அண்ணன் எழுதிக் குடுத்தாரு. விதியை மீறினதால வந்த சாவுன்னு முடிச்சுட்டாங்க. நானும் நம்பிட்டேன் மேடம். இந்த மனுஷன் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதான்னு தினம் மனசுக்குள்ள சண்டை போட்டுட்டுதான் இருந்தேன்."

"இப்ப ஏன் சந்தேகம்?"

"விசாரணை முடிஞ்சதுன்னு போன வாரம்தான் இதைத் திருப்பிக் குடுத்தாங்க. நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்குறேன். பதினோரு வருஷமா லென்ஸ் மாட்டுறேன்." அவள் விரல் இடப் பக்கத் துளையைத் தொட்டது. "ஃப்ரேம் இல்லாத கண்ணாடி இருக்குல்ல, அதுக்கு லென்ஸுலயே ஓட்டை போட்டுத் திருகு வைப்போம். அரைச் சுத்து கூடுதலா இறுக்கினா போதும், ஓட்டையைச் சுத்தி மயிரிழை மாதிரி கோடு விழும். கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் தும்மினாக்கூட அங்கருந்து பிளந்துக்கும். கீழ போட்டு உடைச்ச லென்ஸ் வேற மாதிரி உடையும். நான் பாத்த உடனே சொல்லிருவேன், எதைக் கஸ்டமர் உடைச்சாரு, எதை நாங்க உடைச்சோம்னு."

மேடம் கவசத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளையிலிருந்து ஏழெட்டுக் கோடுகள் நாலாபக்கமும் கிளம்பியிருந்தன.

"இது மாட்டினவங்க உடைச்சது மேடம். வலப் பக்கத் திருகு இருக்கு. இடப் பக்கத் திருகு எங்க? உடம்பைப் பாத்த டாக்டரு கண்ணுக்குப் பின்னால ஒரு இரும்புத் துண்டுன்னு எழுதியிருக்காரு. வெடியோட துண்டுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க."

"எங்க பொண்ணு நாலாம் வகுப்பு படிக்குது," என்றாள். "பள்ளிக்கூடத்துல யாரோ கேட்டதுக்கு, 'எங்கப்பா சொன்ன பேச்சு கேக்காம செத்துட்டாரு'ன்னு சொல்லியிருக்கு. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் இங்க கிளம்பி வந்தேன்."

கவசத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றதும் அவள் தயங்கினாள். "திருப்பித் தந்துடுவீங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். வெறும் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

அவள் போன பிறகு மேடம் சாப்பிடப் போகவில்லை. அலமாரியிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்பு ஒன்றை எடுத்துவந்து, வெளிச்சப் பெட்டியைப் போட்டு, பழைய எக்ஸ்-ரே படங்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்.

"அண்ணே, இங்க வாங்க."

அந்த ரகக் கவசத்துக்கு நாங்கள் செய்த சோதனை அது. ஐந்து கவசம், ஐந்து வெடி, ஐந்து படம். முதலாவதும் ஐந்தாவதும் அச்சடித்தாற்போல் வந்திருந்தன. வெடியின் அலை மோதும் கணத்தில் கவசம் வளைந்து கொடுத்துத் தாங்கி நிற்கிறது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இயந்திரம் முந்திவிட்டது. வெடி வருவதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டது. நான்காவது பிந்திவிட்டது. அந்தப் படத்தில் கவசம், அதை மாட்டியிருந்த பொம்மைத் தலைக்கு மேலே எகிறிக் கிடந்தது. பிளாஸ்டிக் எக்ஸ்-ரேயில் மங்கலான நிழல்தான்; எஃகு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக விழும். பொம்மைத் தலையின் கன்னத்தருகே அரிசி மணி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஓரத்தில் மேடம் பென்சிலால் எழுதியிருந்தார்: 'கவசம் கழன்று சுவரில் மோதி உடைந்தது. கணக்கில் இல்லை.'

"அன்னைக்கு நாம என்ன பேசினோம், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பித்தளைக் குண்டுகளில் குழி விழுந்திருந்தது. பளபளப்பாக்க இரண்டு நாள் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த குழு சோதனைக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தது. இயந்திரத்தின் நுனியில் கதிர் கிளம்புவதற்காக வைக்கும் கன உலோகத் துண்டு ஒவ்வோர் அடிக்கும் ஓட்டையாகிவிடும். கைவசம் ஒன்றுதான் மிச்சம். 'ரெண்டு நல்ல படம் இருக்கு, போதாதா அண்ணே?' என்று மேடம் கேட்டார். 'போதும் மேடம்' என்றவன் நான்தான். அவர் அறிக்கையில் எழுதினார்: தெளிவான படம் கிடைத்த எல்லாச் சோதனைகளிலும் கவசம் தாங்கியது.

"பொய்யா ஒண்ணும் எழுதலயே மேடம்," என்றேன்.

"பொய் இல்லதான் அண்ணே. பொய்யா இருந்தா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அன்று நாங்கள் வைத்திருந்தது மரத்தாலான தலை; எஃகு அதற்குள் லேசில் புகாது, தெறித்து விழுந்துவிடும். நான்காவது அடிக்குப் பிறகு ஒரு திருகு தரையில் கிடந்தது. சுவரில் மோதிக் கழன்றது என்று நினைத்து, மற்றக் குப்பையோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினேன். மேடத்திடம் அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை.

இயக்குநரிடம் அன்று மாலையே போனோம். அவர் கெட்டவர் இல்லை. மூடிய கோப்பைத் திறந்தால் என்னென்ன புறப்படும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான்.

"பாவம், புருஷனைப் பறிகொடுத்த பொண்ணு. என்னத்தையாவது பிடிச்சுக்கத்தான் பாக்கும்," என்றார். "ஆறுதலுக்காக இவ்வளவு பெரிய சோதனை வைக்க முடியுமா?"

"ஆறுதலுக்கு இல்ல சார். இதே கவசத்தைப் போட்டுக்கிட்டு இப்பவும் அறுநூறு பேரு மண்டி போட்டுட்டு இருக்காங்க. கீழ என் கையெழுத்து இருக்கு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பத்து நாள் கொடுத்தார்.

நான் தொட்டியை வடித்து நாற்பது குண்டுகளையும் கழற்றினேன். மூன்று நாள், ஒவ்வொன்றாக, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு செய்யாத வேலையை இப்போது செய்வதற்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன். பெயர் கிடைக்கவில்லை.

பயன்பாட்டிலிருந்த ஒன்பது கவசங்களை எடுத்துக்கொண்டு இறந்தவரின் அண்ணனே வந்தார். நாற்பத்தைந்து வயது, வெயிலில் கறுத்த முகம், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத ஆள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார்:

"மேடம், நான் வேணும்னு எழுதல. அவன் தூக்குவான். நான் என் கண்ணால பாத்திருக்கேன்."

"அன்னைக்குத் தூக்கினதைப் பாத்தீங்களா?"

"அன்னைக்கு நான் நாப்பது அடி தள்ளி, முதுகைக் காட்டிட்டு இருந்தேன்." "ஆனா தூக்குவான்," என்றார் மறுபடியும்.

சோதனை முடியும்வரை இருந்து பார்க்கிறேன் என்றார். மேடம் மறுக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

இந்த முறை மரத்தலை வைக்கவில்லை. மனிதத் தசைபோலக் குழையும் ஜெல்லில் வார்த்த தலைகள். வெடியறையில் ஆள் மண்டியிட்டிருக்கும் உயரத்தில் தலையை நிறுத்தி, கவசத்தை முழுக்க இறக்கி, கொக்கியைப் பூட்டி, அண்ணன்காரர் கண் முன்னாலேயே மேடம் தன் கையால் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லாரும் வெளியே. கதவு பூட்டினால்தான் இயந்திரம் மின்சாரத்தை வாங்கும். சங்கு ஊதியது. வோல்ட் மானியின் முள் பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறி முப்பதில் நின்றது. மேடம் பொத்தானை அமுக்கினார். சுவருக்கு அப்பால் யாரோ மூட்டையைப் பொத்தென்று போட்டதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். உள்ளே நடந்ததெல்லாம் அந்தச் சத்தம் எங்கள் காதுக்கு வருமுன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஒவ்வோர் அடிக்கும் பிறகு நான் தரைக்கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மின்தேக்கி ஒவ்வொன்றையும் தொட்டு, மிச்சம் மீதி மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப வேண்டும். காலியாகிவிட்டதுபோல இருந்துவிட்டு மெல்ல மெல்ல மறுபடி ஊறும். அசந்தால் ஆளை எடுத்துவிடும். மேடம் எக்ஸ்-ரே ஃபிலிமை இருட்டறைக்கு எடுத்துப் போய்க் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்.

முதல் அடி: கவசம் தாங்கியது. இரண்டாவது: தாங்கியது. அண்ணன்காரர் ஒவ்வொரு படத்தையும் எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மூன்றாவது படத்தை மேடம் ஒட்டினார்.

கவசத்தின் இடப் பக்கம் துளையிலிருந்து பிளந்திருந்தது. பிடி விட்டுப்போன தகடு வெடியின் அழுத்தத்தில் மேலே திரும்பிக்கொண்டிருந்தது, யாரோ கையால் உயர்த்திவிடுவதுபோல. திருகு தகட்டைவிட்டு உள்பக்கம் வந்துவிட்டது. தலைக்குள் இரண்டு விரற்கடை தூரம் புகுந்திருந்தது. அவ்வளவு துல்லியமான படம். திருகின் மரைகளை எண்ணலாம்போல இருந்தது.

"இது வெடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" அண்ணன்காரர் கேட்டார்.

"பின்னாடி. ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு கழிச்சு."

"கவசம் இறங்கித்தானே இருந்துது?"

"நீங்கதான் பாத்தீங்களே. பூட்டியிருந்துது."

"அப்ப இதைத் தூக்கினது..."

"வெடி."

அவர் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவன் பக்கத்துல நான் ஓடிப்போனப்ப முதல்ல சொன்ன வார்த்தை என்ன தெரியுமா மேடம்? 'எத்தன தடவடா சொன்னேன்'. உயிர் இல்லாதவன்கிட்ட அதைத்தான் சொன்னேன்."

மேடம் மீதி ஆறையும் செய்து முடித்தார். ஏழாவதிலும் அதேதான். ஒன்பதில் இரண்டு. துளையைப் பெரிதாக்கிப் பார்த்ததில், தொழிற்சாலையிலேயே திருகை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தது தெரிந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண் வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது அத்தனையும் சரி.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். கணவனின் அண்ணனை அங்கே எதிர்பார்க்கவில்லை. "வாங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் கவசத்தைத் தூக்கலம்மா. அவர் எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்காரு. கவசம்தான் சரியில்ல."

அவள் படத்தைக் கேட்டாள். பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்; மேடம் கையமர்த்திவிட்டு வெளிச்சப் பெட்டியைப் போட்டார். அவள் கிட்டே போய் நின்று, லென்ஸ் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுதானா அந்தத் திருகு?"

"ஆமா."

"இது பொம்மைதானே?"

"பொம்மைதான்."

அவள் நெடுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு, "அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

மேடம் அதற்குத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன். நிதானமாகச் சொன்னார். "தெரிஞ்சிருக்காது. வெடிச்சதுலருந்து இது நடக்குறவரைக்கும் ஒரு நொடியில ஆயிரத்துல ரெண்டு பங்குதான். வலின்னு ஒண்ணு மூளைக்குப் போய்ச் சேரவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அவருக்கு வெளிச்சம்கூடத் தெரிஞ்சிருக்காது. மண்ணைப் பாத்துட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் எதுவும் இல்ல. இது ஆறுதலுக்குச் சொல்றதில்ல, அளந்து சொல்றது."

அவள் தலையசைத்தாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது, இனி அழுவாள், தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுந்தேன்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் மேடம். "இந்தக் கவசத்துக்கு மூணு வருஷம் முன்னாடி சரின்னு கையெழுத்துப் போட்டது நான்தான். அஞ்சு படத்துல ரெண்டுதான் ஒழுங்கா வந்துது. பிந்தி வந்த ஒரு படத்துல இதே திருகு இருந்துச்சு. நான் கணக்குல எடுத்துக்கல. திரும்பவும் பண்ணிப் பாத்திருந்தா..."

"குண்டைத் தேய்க்காம விட்டது நான்," என்றேன் குறுக்கே. யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எட்டு மாசமா அவர் மேல கோபமா இருந்தேன் மேடம்," என்றாள் கடைசியில். "அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டுவேன். பிள்ளைக்குத் தெரியாம. திட்டுறதுக்காகவே காலையில எந்திரிப்பேன். சமைப்பேன், வேலைக்குப் போவேன். இப்ப அவர் மேல தப்பே இல்லன்னு சொல்றீங்க. நல்லதுதான். அதைக் கேக்கத்தான் வந்தேன். ஆனா இப்ப வீட்டுக்குப் போய் அவர்கிட்ட என்ன சொல்லுவேன்?"

"என்னைத் திட்டும்மா," என்றார் கணவரின் அண்ணன். தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

அவள் எழுந்தாள். கவசத்தைக் கேட்டாள். சாட்சிக்கு வேண்டியிருக்கும், இப்போது தர முடியாது என்று சட்டம் சொன்னது. மேடம் சட்டத்தைக் கேட்கவில்லை. எல்லாக் கோணத்திலும் படமெடுத்து வைத்துக்கொண்டு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வாசல்வரை கூடப் போனேன்.

"என் பொண்ணுகிட்ட, 'அப்பா சொன்ன பேச்சு கேட்டாரு'ன்னு சொல்லணும்," என்றாள், யாரிடமோ போல. "கேட்டும் செத்துட்டாருன்னா அது ஏன்னு கேக்கும்." தெருவில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேடம் இரண்டாவது அறிக்கையை எழுதினார். முதல் பக்கத்திலேயே தன் முதல் அறிக்கையின் தவற்றை எழுதி, நான்காவது படத்தை அந்தப் பென்சில் குறிப்போடு அப்படியே இணைத்தார். அதை எடுத்துவிடலாமே என்று இயக்குநர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கவசங்களைத் திரும்பப் பெற ஆணை வந்தது. கையெழுத்துப் போடும் அதிகாரத்தை மேடத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவரே எழுதிக் கேட்டதுதான். இயந்திரத்தை ஓட்டுகிறவராக மட்டும் இருந்தார். அதற்குப் பிறகு நான் குண்டு தேய்க்க எத்தனை நாள் கேட்டாலும் அவர் ஏன் என்று கேட்டதில்லை. நானும் ஒரு நாள்கூடக் குறைத்துக் கேட்டதில்லை.

இறந்தவரின் அண்ணன் தன் பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாக எழுதிக் கொடுத்தார். குழுத் தலைவர் வேலையை விட்டுவிட்டு, அறுநூறு கவசங்களையும் தேடி எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரும்பாலானவை ஒரு மாதத்தில் வந்துவிட்டன. மிச்சத்துக்கு அவர் முகாம் முகாமாக அலைந்தார். கிடைத்ததை எங்களிடம் கொண்டுவந்து ஒப்படைப்பார். மேடம் எண்ணைச் சரிபார்த்துப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். இரண்டு பேருக்கும் பேச அதிகம் இருக்காது.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் மத்தியானம் ஒரே ஒரு கவசத்தோடு வந்தார். முகத்தில் ஏதோ மாறியிருந்தது. தேநீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்:

"இது ஒரு பொண்ணு போட்டுட்டு இருந்துச்சு மேடம். வேலையில சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகுது. கிடங்குல பழசு எங்கயோ கிடந்துருக்கு, எடுத்துப் போட்டுக்கிச்சு. வேலை நடக்குற இடத்துலயே பாத்துட்டேன். வெளிய கூப்பிட்டு, ஒண்ணும் சொல்லாம தலையிலருந்து கழட்டிட்டேன். அந்தப் பொண்ணுக்கு வந்துச்சு பாருங்க கோபம்! 'யாருய்யா நீ? அறிவு இருக்கா? யாரைக் கேட்டுக் கழட்டுன?'ன்னு அத்தனை பேரு முன்னாடி கிழிகிழின்னு கிழிச்சிருச்சு."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நின்னு முழுசாக் கேட்டேன் மேடம். நல்லா இருந்துச்சு. வீட்டுல யாரும் திட்ட மாட்டேங்குறாங்க. தம்பி பொண்டாட்டி சோறு போடுது, 'சாப்பிடுங்க மாமா'ன்னு சொல்லுது. பிள்ளை பெரியப்பான்னு மடியில வந்து உக்காருது. ஒருத்தரும் திட்ட மாட்டேங்குறாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். என்ன சொல்வார் என்று பார்த்தேன். எழுந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவர் அழுது முடிக்கிறவரைக்கும் அங்கேயே இருந்தார். பிறகு பேரேட்டை இழுத்து, கவசத்தின் எண்ணை அவர் படித்துச் சொல்ல, இவர் எழுதினார். இன்னும் ஏழு கவசம் வர வேண்டியிருந்தது.